ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு வாய்தா: இளைஞர்களின் சட்டக் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஓர் ஒற்றுமையைக் கண்டேன். எழுதியவர்கள் எல்லோரும் இளையவர்கள். வீட்டில் படித்த பிள்ளை அவர்கள்தான் என்பதால், ஏதாவது ஒரு தாள் வாசலுக்கு வந்தால் அதைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அந்தத் தாளில் உள்ள சொற்களையோ பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. மதுரை நீதிமன்றங்களில் 25 ஆண்டுகளுக்கு மேலாக வழக்கறிஞராக இருக்கும் நான், பொருள் தெரியாமல் நாளைத் தவறவிட்டவர்களையும், பொருள் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். ஆகவே சில கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. பாகம் பிரிக்கச் சொல்லிப் பெரியப்பா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. "கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டார்கள், போலீஸ் வரும்" என்று அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நோட்டீஸ், சம்மன், வாரண்ட் மூன்றும் ஒன்றா, அம்மா?
— கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். வழக்கு இன்னும் தொடங்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு வழக்கறிஞர் தம் கட்சிக்காரர் சொன்னதை வைத்து உங்களுக்கு எழுதும் கடிதம், அவ்வளவுதான். அதில் வழக்கறிஞரின் பெயர் அச்சிட்ட தாள் இருக்கும், கையெழுத்து இருக்கும், ஆனால் நீதிமன்ற முத்திரையோ வழக்கு எண்ணோ இருக்காது. வந்திருக்கும் தாளை விளக்குக்கு அடியில் வைத்து இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.

கடிதம்தானே என்று அதைப் பரணில் போட்டுவிடவும் கூடாது. "நோட்டீஸைப் பெற்றுக்கொண்டும் பிரதிவாதி பதில் தரவில்லை" என்ற வரி பின்னால் வழக்குரையில், அதாவது வழக்குத் தொடுப்பவர் நீதிமன்றத்தில் தரும் மனுவில், வந்து உட்காரும். நோட்டீஸில் தவறான செய்தி இருந்தால், இன்ன சர்வே எண்ணில் இன்ன பகுதி அப்பா தன் உழைப்பில் வாங்கியது என்பது போன்ற விவரங்களுடன், ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் நோட்டீஸ் அனுப்பிவிடுவது நல்லது. அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வதற்கும் இதுவே ஏற்ற நேரம்.

பெரியப்பா உண்மையாகவே வழக்குத் தொடுத்தால் அப்போது வருவது சம்மன், அதாவது அழைப்பாணை. அதில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, வாதி யார், பிரதிவாதி யார், எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். வழக்குரையின் நகலும் உடன் வரும். இங்கேதான் நம் கிராமங்களில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. நீதிமன்ற ஊழியர் சம்மனோடு தெருவில் வருவதைப் பார்த்ததும், "அப்பா ஊரில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறார்கள். வாங்க மறுத்தால் அவர் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டிய விவரத்தை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார். நீதிமன்றம் அதைக் கொடுத்ததாகவே ஏற்றுக்கொள்ள முடியும். அதன் பிறகும் போகாமல் இருந்தால், நீங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். வழக்கறிஞர்கள் "எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது" என்று சொல்வது இதைத்தான். அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடச் சட்டம் 30 நாள் தருகிறது. அந்த நாளும் போய்விட்டால், தாமதத்துக்குக் காரணம் காட்டி இன்னொரு மனு, அதற்கொரு செலவு, அலைச்சல் என்று நீளும். வழக்கை எதிர்த்து எதிர்வழக்குரை தாக்கல் செய்வதற்கும், சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் சாதாரணமாகக் கிடைக்கும். நீதிமன்றம் தகுந்த காரணம் பார்த்து 90 நாள் வரை அனுமதிக்கலாம். ஆகவே சம்மன் வந்தால் அதை வாங்குங்கள், வாங்கிய தேதியை அதன் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.

வாரண்ட் என்றால் பிடியாணை. குற்ற வழக்கில், அழைத்தும் வராதவரைப் பிடித்துக்கொண்டு வரும்படி நீதிபதி கையெழுத்திட்டுத் தரும் உத்தரவு அது. அப்பாவின் பாகப்பிரிவினைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கேள்வி: எனக்கு வயது 20. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் ஃபைனான்ஸில் 60,000 ரூபாய் வாங்குகிறார். "சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துதான், போடு தம்பி" என்கிறார். எதுவும் எழுதாத புரோநோட்டிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். பணம் வாங்கியவரைத்தானே முதலில் கேட்பார்கள்?
— வாசகர், மதுரை

இல்லை, தம்பி. இந்த ஒரு நம்பிக்கையால் அழிந்த குடும்பங்களை நான் அறிவேன், அதனால் அழுத்தியே சொல்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 128ஆவது பிரிவு, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் கொடுத்தவர் முதலில் அந்த அண்ணனைத் தேட வேண்டும், அவரிடம் கிடைக்காவிட்டால்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற வரிசை கிடையாது. நேராக உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. கடன் வாங்கியவர் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போய்விடுவார். ஜாமீன் போட்டவரோ தினமும் காலையில் அதே கடைக்கு வேலைக்கு வருகிறவர், பிடிப்பது எளிது. கட்டிய பணத்தை அந்த அண்ணனிடமிருந்து திரும்ப வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்றாலும், அவரைத் தேடிப் பிடிப்பதும் வழக்கு நடத்துவதும் உங்கள் பாடு.

புரோநோட்டு என்பது இவ்வளவு பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்திட்டுத் தரும் கடன் பத்திரம். எழுதாத புரோநோட்டு இதைவிட ஆபத்தானது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவரின் வழக்கில், நீதிமன்றக் கோப்பில் இருந்த மூலப் புரோநோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே போட்டிருந்த கையெழுத்து நீல மையில், அவசரத்தில் சாய்ந்து கிடந்தது. தேதியும் தொகையும் வட்டியும் கறுப்பு மையில், பழகிய கையொன்றால், கோடு பிசகாமல் நிதானமாக எழுதப்பட்டிருந்தன. தான் வாங்கியது 20,000 ரூபாய் என்று அந்தப் பையன் சொன்னான். தாளில் 2,00,000 என்று இருந்தது. மை வேறு, கையெழுத்து வேறு என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் அது மட்டும் போதவில்லை. ஏனென்றால் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட வெற்றுத் தாளைக் கொடுப்பவர், அந்த ஸ்டாம்ப் தாங்கும் தொகை வரை அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுப்பதாகக் கொள்கிறது. கையெழுத்து உன்னுடையதுதானா என்று கேட்பார்கள். ஆம் என்றால், பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் சுமை கையெழுத்துப் போட்டவர் மேல் விழும். அவனுடைய தாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைக்கும் இதே கதிதான். அது பணமில்லாமல் திரும்பினால் அதே சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற வழக்காகவே வரும். இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காசோலை திரும்பிய பிறகு நோட்டீஸ் வந்தால், அது கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வழக்கு எழாது. முதல் கேள்விக்குச் சொன்ன வக்கீல் நோட்டீஸ் வெறும் கடிதம்தான் என்றாலும், இந்த இடத்தில் அதற்கு உயிர் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

"மூன்று வருஷம் போனால் புரோநோட்டு செல்லாது" என்று பலர் சொல்வது பொதுவாக உண்மைதான். ஆனால் புரோநோட்டின் பின்பக்கத்தில் "வரவு" என்று எழுதி, 500 ரூபாய் கட்டியதாக உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். அந்த மூன்று ஆண்டுக்குள் போட்ட வரவாக இருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். எனவே பின்பக்கக் கையெழுத்தும் முன்பக்கக் கையெழுத்துக்குச் சமம்தான்.

உங்களுக்கு என் ஆலோசனை, போட வேண்டாம் என்பதே. கூட வேலை பார்க்கிறவர் முகத்தை முறிக்க முடியவில்லை என்றால், "ஒரு தொகை, தேதி, வட்டி எல்லாவற்றையும் என் கண் முன்னால் எழுதுங்கள், எனக்கு ஒரு நகல் கொடுங்கள், பிறகு யோசிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எழுத மறுக்கிறவரிடம் கையெழுத்து எதற்கு? அநியாய வட்டி கேட்டு மிரட்டுகிறார்கள் என்றால், தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். இதைப் படிக்கும் 18 வயது நிரம்பாத தம்பி தங்கைகளுக்கு ஒன்று: உங்கள் கையெழுத்தில் ஆன கடன் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. 1903இலேயே மோஹரி பீபி வழக்கில், ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஜாமீன் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருப்பதால் குழப்பம் வருகிறது. கைதானவரை விடுவிப்பதும் ஜாமீன்தான். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அதைப் பெறுவது கைதானவரின் உரிமை. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால், கிடைக்கவே கிடைக்காது என்று பொருள் இல்லை, கொடுப்பதா வேண்டாமா என்று நீதிமன்றம் முடிவு செய்யும். அங்கேயும் பெரும்பாலும் ஜாமீன்தாரர் வேண்டும். அவர், "இந்த ஆள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார்" என்று நீதிமன்றத்துக்கு வாக்குக் கொடுக்கிறார். வராவிட்டால் பிணைத்தொகை அவர் தலையில் விழும். இரண்டு இடத்திலும் அடுத்தவருக்காக நாம் பொறுப்பேற்கிறோம் என்பதுதான் சொல்லின் உயிர்.

கேள்வி: ஆரப்பாளையத்தில் கூட்டத்தில் பஸ் ஏறும்போது என் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துவிட்டார்கள். திண்டுக்கல்லில் இறங்கித்தான் கவனித்தேன். அங்கே "மதுரைக்குப் போய்ப் புகார் கொடு" என்றார்கள். மறுநாள் மதுரையில் கொடுத்தபோது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். இதுதான் எஃப்.ஐ.ஆரா?
— செவிலியர் பயிற்சி மாணவி, வாடிப்பட்டி

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு காவல் நிலையத்துக்கு வந்தது என்பதற்கான ரசீது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் உள்ள வழக்கம்.  எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கையோ வழக்கின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. அது பதிவானால்தான் குற்ற வழக்குப் பிறக்கிறது, புலன்விசாரணை தொடங்குகிறது.

பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று செய்திகளில் படிக்கிறீர்களே, அது இதுதான். திண்டுக்கல்லிலேயே வாங்கி மதுரைக்கு அனுப்பியிருக்க வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனை உள்ள சில குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திக்கொள்ளப் புதிய சட்டம் இடம் தருகிறது. அந்த நாள் கடந்தும் பதில் இல்லையென்றால், புகாரை எழுத்தில், பதிவுடன் கூடிய அஞ்சலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். மதுரை மாநகர எல்லை என்றால் காவல் ஆணையர், புறநகர் என்றால் மாவட்டக் கண்காணிப்பாளர். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். எஃப்.ஐ.ஆரின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். கையெழுத்திடும் முன், எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: ஊர்த் திருவிழாவில் இரு தரப்புக்கும் தகராறு. பக்கத்தில் நின்ற என்னையும் ஏ5 என்று சேர்த்துவிட்டார்கள். அன்றே ஜாமீனில் வந்தேன். இப்போது குற்றப்பத்திரிகை போட்டிருக்கிறார்கள். ஊரில் என்னைக் "குற்றவாளி" என்கிறார்கள். அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்கிறார்கள். மறைத்துவிடலாமா?
— பட்டதாரி இளைஞர், மேலூர் அருகில்

நீங்கள் குற்றவாளி இல்லை. உங்களுக்குச் சட்டத்தில் பெயர் "குற்றம் சாட்டப்பட்டவர்". விசாரணை முடிந்து, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது என்று நீதிபதி தீர்ப்பெழுதும் நிமிடம் வரை அந்தப் பெயர்தான். ஏ5 என்பது அந்தப் பட்டியலில் உங்கள் வரிசை எண். கைதான அன்றே "குற்றவாளி பிடிபட்டார்" என்று தலைப்பிடும் செய்தித்தாள்களின் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. அந்த ஒரு சொல்லால் பெண் கொடுக்க மறுத்த வீடுகளை எனக்குத் தெரியும். பின்னால் வந்த விடுதலையை அதே பத்திரிகை போட்டதாக எனக்கு நினைவில்லை.

குற்றப்பத்திரிகை என்பது காவல்துறை தன் விசாரணையை முடித்து, "எங்கள் கருத்து இது, எங்கள் சாட்சிகள் இவர்கள்" என்று நீதிமன்றத்தில் தரும் அறிக்கை. அது தீர்ப்பு இல்லை. அதன் நகலும் சாட்சிகளின் வாக்குமூலங்களும் உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். வாங்கி, உங்கள் பெயர் எந்தெந்தச் சாட்சியின் வாயில் வருகிறது, என்ன செய்ததாக வருகிறது என்று நீங்களே ஒரு முறை உட்கார்ந்து படியுங்கள்.

இனி வழக்கிலிருந்து வெளியே வரும் வழிகளுக்கு மூன்று சொற்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் பேசுகிறோம். விசாரணை தொடங்கும் முன்பே, ஆவணங்களைப் பார்த்தாலே குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று தோன்றினால் நீதிமன்றம் செய்வது விடுவிப்பு. சாட்சிகளை விசாரித்து முடித்துக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்வது விடுதலை. வழக்கையே உயர் நீதிமன்றம் நீக்குவது ரத்து. ஊர்த் தகராறுகளில் இரு தரப்பும் மனமொத்துச் சமரசம் செய்துகொண்ட பிறகு பலர் நாடுவது இந்த வழியைத்தான். 2004 ஜூலை 24இல் ஒத்தக்கடை அருகே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும் வரை, இதற்கெல்லாம் கட்சிக்காரரை அழைத்துக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். இப்போது மேலூரிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். மறைக்காதீர்கள். வழக்கு நிலுவையில் இருப்பதைக் கேட்டிருந்தால், எண்ணையும் நீதிமன்றத்தையும் குறிப்பிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றும், நிலுவையில் உள்ள சிறிய வழக்கை உண்மையாகச் சொன்னவரை வேலை கொடுப்பவர் தம் விருப்புரிமைப்படி நியமிக்கலாம் என்றும் விளக்கியது. சொன்னால் வேலை நிச்சயம் என்று அது உறுதி தரவில்லை. ஆனால் மறைத்துச் சேர்ந்து, பின்னர் காவல்துறைச் சரிபார்ப்பில் வெளிப்பட்டால், பொய் சொன்னவர் என்ற காரணமே வேலையைப் பறிக்கப் போதும். அப்போது நீங்கள் அந்தத் திருவிழாவில் வெறுமனே நின்றவர் என்பது எடுபடாது.

கேள்வி: வாய்தா, வக்காலத்து, ஜப்தி, அமீனா... இவையெல்லாம் தமிழா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், திருமங்கலம்

அரபியும் பாரசீகமும் பேசிய ஆட்சிகளின் கச்சேரிகளிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்டவை. ஜாமீனும் வக்கீலும் அப்படியே. வாய்தா என்பது வழக்கு அடுத்து எடுத்துக்கொள்ளப்படும் நாள். வக்காலத்து என்பது "எனக்காக இவர் பேசட்டும்" என்று வழக்கறிஞருக்கு நீங்கள் எழுதித் தரும் அதிகாரம். ஜப்தி என்றால் நீதிமன்ற உத்தரவின்படி பொருளையோ சொத்தையோ பிடித்து வைப்பது. அதை நிறைவேற்ற வருபவர் அமீனா. உத்தரவைக் காட்டும்படி அவரிடம் கேட்கலாம்.

கேள்வி: அம்மா அப்பளக் கம்பெனியில் கூலிக்கு வேலை பார்க்கிறார். அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். ஜீவனாம்சம் கேட்க வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லை. இலவச வக்கீல் உண்டு என்கிறார்கள். ஏழைச் சான்றிதழ் வேண்டுமா?
— கல்லூரி முதலாண்டு மாணவி, மதுரை

வேண்டாம், மகளே. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் அப்படியே. வழக்கறிஞரின் கட்டணம் மட்டுமல்ல, வழக்குச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். இது யாரும் போடும் பிச்சையும் அல்ல. அரசியல் சாசனத்தின் 39ஏ பிரிவு அரசின் மேல் சுமத்திய கடமை. அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். திருமண அழைப்பிதழோ திருமணப் பதிவுச் சான்றோ, உங்கள் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார் அட்டை, அப்பா வேலை பார்க்கும் இடம் தெரிந்தால் அந்த முகவரி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம் என்று ஒருவேளை அங்கே சொல்வார்கள். அதுவும் நல்ல வழிதான், விரைவாக முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்பதெல்லாம் தாளில் ஏறியிருக்கிறதா என்று நீங்கள் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே அம்மா கையெழுத்துப் போடட்டும்.